பதம் பார்த்த நாக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, நேரம் தவறாமல் சண்டையும் போட்டுக்கொண்டு இருக்கிறோம். நலம் என்றால் இந்த வயதில் அதுதான். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் சூப்பரா இருக்கேம்மா என்பாய், அந்தச் சூப்பரைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தாயே, ஜன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறியையும் சுழலவிட்டு, நீ மட்டும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துப் பட்டன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மேஜைக்குக் கீழே ஸ்கேலை வைத்து முழங்கையைச் சொறிந்துகொண்டே ஆபீஸ் கதை அளந்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நீ வெறும் தட்டிலேயே மறைக்கப் பார்க்கிறாய். என்னடி அது என்று கேட்டதற்கு, இங்கே காத்து வறட்சிம்மா, தோல் காயுது என்றாய். ஒன்பது வருடமாகச் சொறிந்தவளிடம் வந்து காற்று வறட்சியா? பாம்பின் கால் பாம்பறியும். உன் முழங்கையில் என்ன இருக்கிறது, அது எப்படி எரியும், உடைந்தால் எப்படித் தழும்பு போடும் என்று சட்டையைத் தூக்கிப் பார்க்காமலேயே சொல்வேன். போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பாய், வரவில்லை என்று புளுக முடியாது. உன்னை ஒரு நல்ல டாக்டர் முன்னால் உட்காரவைக்கிற வரைக்கும் நான் விடப்போவதில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அதற்கு முன்னால் நான் எழுதியதை முழுக்கப் படி, நடுவில் தாவாதே.

எனக்கு இது ஆரம்பித்தபோது நீ கல்லூரி விடுதியில் இருந்தாய், பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். முழங்கை, முழங்கால், உட்காருகிற இடம், பிடரி என்று எங்கே பார்த்தாலும் கடுகு கடுகாகக் கொப்புளம். கண் அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நகம் அதை உடைத்திருக்கும், அப்படி ஒரு அரிப்பு. முதலில் பார்த்த தோல் நிபுணர், வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருந்த மகானுபாவர், என்னைத் தொடக்கூட இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, சொறி சிரங்கும்மா, வீட்டுத் துணி எல்லாத்தையும் கொதிக்க வைங்க என்றார். கொதிக்கவைத்தேன். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, தலையணை உறை ஒன்றையும் விடவில்லை. உன் அப்பாவின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ரோஸ் ஆனதுதான் கண்ட பலன். மூன்று மாதம் அவர் கொடுத்த களிம்பின் நாற்றத்தோடு திரிந்தேன். அதற்குப் பிறகு உன் சித்தப்பா வந்து சேர்ந்தார், நாம் கசாயம் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறோமே, அவரேதான். இது உடம்புச் சூடு அண்ணி, ரத்தம் கெட்டுப்போச்சு, நான் ஒண்ணு காய்ச்சித் தர்றேன் என்றார். அவர் காய்ச்சியதைக் குடித்து இரண்டு நாள் கழிவறையிலேயே குடித்தனம் நடத்தினேன். அரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, நான்தான் இளைத்தேன். தனக்குப் பல்வலி வந்தால் மட்டும் விடிவதற்குள் பல் டாக்டர் வாசலில் போய் நிற்கிற மனிதர், மற்றவர்களுக்குத்தான் கசாயம் காய்ச்சுவார்.

இரண்டாவதாகப் போன பெண் டாக்டரை உனக்குத் தெரியும், வெடுக் டாக்டர். நல்ல வார்த்தை சொல்ல வாயைத் திறந்தால் பல் உதிர்ந்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள் போல. ஆனால் வேலை தெரிந்தவர். முதல் நிபுணர் கடைசியாக ஒரு கொப்புளத்தையே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, ஒன்றும் இல்லை என்று ஒரு காகிதம் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து வெடுக் டாக்டர் மூக்கால் சிரித்தார். கொப்புளத்துக்குப் பக்கத்துல இருக்கிற நல்ல தோல்லதான் எடுக்கணும், இதுகூடத் தெரியாமலா பலகை வெச்சிருக்காரு என்று கேட்டுவிட்டு, பக்கத்துத் தோலில் மிளகு அளவு எடுத்து அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என் குடலுக்கு ஆகவில்லையாம், அந்தக் கோபத்தை உடம்பு தோலில் காட்டுகிறதாம். அப்போது பதினேழு வருடமாக மாவு மில் நடத்திக்கொண்டிருந்தவள் நான், அவர் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆயுளுக்கும் கோதுமை கிடையாது, தோல் சொன்ன பேச்சைக் கேட்கிற வரைக்கும் தினம் ஒரு வெள்ளை மாத்திரை, டாப்சோன் என்று பெயர். அது சிலருடைய ரத்தத்தை உள்ளேயே உடைத்துவிடும் என்பதால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ரத்தச் சோதனை, கொடுத்த பிறகும் விடாமல் சோதனை. மாத்திரை அரிப்பைத்தான் அடக்கும், குடலை ஆற்றாது, சாப்பாடுதான் வைத்தியம் என்று மூன்று தடவை சொன்னார். நான் எதையும் காதில் வாங்கவில்லை, ஏனென்றால் மூன்றாம் நாள் அரிப்பு சொல்லிவைத்தாற்போல அடங்கிவிட்டது. ஒரு வருடமாகக் கண் மூடாதவள் அன்று மத்தியானமே கூடத்துத் தரையில் விழுந்து தூங்கினேன். அந்த மூன்று நாள் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் அதற்கு வருகிறேன்.

மாத்திரை வாங்கப் போன கதை தனி. முனையில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு, கடை நிறைய ஆள் நிற்கும்போது, இது குஷ்டத்துக்குக் குடுக்கிற மாத்திரையாச்சே, யாருக்கும்மா என்று தண்டோரா போட்டார். ஒரே மாத்திரையை இரண்டு நோய்க்குக் கொடுப்பார்கள் என்பது மருந்து விற்கிறவருக்குத் தெரியாதா? அப்படியே குஷ்டமாக இருந்தால்தான் என்ன, மாத்திரை சாப்பிட்டால் ஆறிப்போகிற நோய்க்கு எதற்கு இந்தக் கூச்சல்? மறுநாள் மில்லில் டப்பா வரிசை பாதியாகிவிட்டது. மிச்சம் வந்தவர்களில் தையற்காரம்மா, நான் தொட்ட டப்பாவின் கைப்பிடியை முந்தானையால் துடைத்துவிட்டுத் தூக்கினாள், என் கண் முன்னாலேயே. பிறகு எதிர் மில்காரரின் மாவு கரகரவென்று இருந்ததால் எல்லோரும் திரும்பி வந்தார்கள். நாக்குக்கு முன்னால் பயமெல்லாம் எத்தனை நாளைக்கு? நான் மட்டும் அந்தக் கடையை விட்டுவிட்டு நான்கு தெரு தள்ளி இன்னொரு கடையில் வாங்க ஆரம்பித்தேன். இந்த இரண்டாவது கடையையும் ஞாபகம் வைத்துக்கொள்.

எதிர் மில்காரரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சில் வெல்லம் கரைப்பார், மாவில் உமி விடுவார். சர்க்கரை என்று நாம் வைத்த பெயர் பொருத்தம்தான். அவர் மாவைக் கண்ணால் பார்த்தே பதம் சொல்கிற மேதாவி. நான் அப்படியா? துணிக்குழாய் வழியாக மாவு இறங்கும்போதே ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலில் தேய்த்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, துப்பிவிட்டுத்தான் டப்பாவை மூடுவேன். என் மாவு பட்டு மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன்.

வீட்டில் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை உன் அப்பா கையில் எடுத்துக்கொண்டார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதின கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டு போட்டார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சாஸ் பாட்டிலின் முதுகைப் படித்தார், சூப்புத் தூளைப் படித்தார், விழுங்காத பற்பசையைக்கூட விடவில்லை. கடையில் அவருக்குப் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் பல்லைக் கடிப்பார்கள். அரிசியும் சோளமும் காய்கறியும் மீனும் முட்டையும் என்று நான் பத்தியம் காத்தேன், ஆமாம், வீட்டில் ஒரு துணுக்கு ரொட்டி என் வாயில் பட்டதில்லை. விருந்து வீடுகளில் மட்டும் ஒவ்வொருத்தரும் வந்து, ஒரே ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடப்போகுது என்பார்கள். ஒரு வாய்தானே என்று விஷத்தைக் கொடுத்தால் நீ சாப்பிடுவாயா என்று கேட்டால், இவளுக்குத் திமிர் என்பார்கள். இத்தனைக்குப் பிறகும் கொப்புளம் வந்துகொண்டே இருந்தது. வந்தால் யார்மேல் பழி போடுவது? உன் அப்பாமேல் போட்டேன். காலையில் அவர் ரொட்டி தின்கிறார், அந்தத் தூள் மேஜையில் சிந்துகிறது, அதுதான் எனக்கு ஆகவில்லை என்று சொல்லி அவரை மாடிப்படியில் போய் உட்கார்ந்து தின்னச் சொன்னேன். இரண்டு வருடம், மழையோ வெயிலோ, அந்த மனிதர் மாடிப்படியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தின்றார். அதற்குப் பிறகு அவராகவே ரொட்டியை விட்டுவிட்டார், எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

ரொட்டியே வீட்டுக்குள் வராமல் போன பிறகும் கொப்புளம் நிற்கவில்லை. அரிப்பு ஏறும்போதெல்லாம் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டேன். மாத்திரைதான் கையில் இருக்கிறதே, மில்லை எதற்கு விட வேண்டும் என்ற கொழுப்பு. ரத்தச் சோதனைக்குப் போனால் வெடுக் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று அதையும் நிறுத்தினேன். நீ போன தடவை பன்னிரண்டு நாள் வந்து இருந்தபோது, மில் வாசலில் நான் இரண்டு மாத்திரையைச் சேர்த்து வாயில் எறிந்துகொண்டதைப் பார்த்தாய். இதென்னம்மா ரெண்டு என்று கேட்டாய். இதுதான்டி என் சோறு, மூணு நாள்ல எதையும் அடக்கிடும் என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். நீ ஊருக்குப் போன ஐந்தாவது வாரம் நடந்ததை உனக்கு நாங்கள் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அப்பாவின் வாயை அடைத்தவள் நான்தான். பத்து நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்கியது, தலை சுற்றியது. உதடு மை தொட்ட மாதிரி இருக்கு என்று அப்பா சொன்னதற்கு, உங்க கண்ணாடியைத் துடைங்க என்றேன். ஒரு செவ்வாய்க்கிழமை, கோதுமை மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது, டப்பாவைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே விழுந்தேன். பெல்ட்டுக்கும் என் கூந்தலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்ததாம். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஐயோ ஐயோ என்று கத்தினார்களே தவிர ஒருத்திக்காவது சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடத் தெரியவில்லை. தெருவைத் தாண்டி ஓடிவந்து மெயின் சுவிட்சைப் பிடுங்கினவர் யார் தெரியுமா? சர்க்கரை. இருபத்தாறு வருடமாக நான் முகம் கொடுத்துப் பேசாத மனிதர். அவர் கையாலேயே என்னைத் தூக்கி வண்டியில் வைத்திருக்கிறார், எனக்கு நினைவு இல்லாததால் அந்த அவமானத்திலிருந்து தப்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பக்கத்தில் ரத்தப் பை தொங்கியது. என் ரத்தம் பாதிக்குப் பாதி உடைந்து போயிருந்தது. மூன்றாம் நாள் வெடுக் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீங்க என்னதான் சாப்பிடுறீங்க, சொல்லுங்க என்றார். உன் அப்பா நோட்டை நீட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் அவர் பொறுமையாகப் படித்தார், ஒரு தப்பும் இல்லை. பார்த்தீர்களா, உங்கள் வைத்தியம்தான் பொய் என்கிற மாதிரி படுக்கையிலிருந்தே நான் அவரைப் பார்த்தேன். அவர் நோட்டை மூடிவிட்டு, சரி, உங்க மில்லுல என்ன வேலை செய்வீங்கன்னு எனக்கு செஞ்சு காட்டுங்க என்றார். இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்து செய்துகாட்டினேன். டப்பாவைத் தூக்கி மெஷின் வாயில் கொட்டினேன், சுவிட்சைப் போட்டேன், துணிக்குழாயைத் தட்டினேன், ஒரு சிட்டிகை எடுத்தேன், கட்டைவிரலில் தேய்த்தேன். டாக்டர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்கே தெரிந்தது, என் விரல் என் நாக்கில் இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டார். நாற்பது டப்பா வந்தால் நாற்பது தடவை. துப்பிடுவேன் டாக்டர் என்றேன். துப்பினால் தின்னவில்லை என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன் பார், என்னை மாதிரி ஒரு முட்டாளை எந்த மெஷினிலும் போட்டு அரைத்து நைஸாக்க முடியாது. போதாக்குறைக்கு மாவுத் தூசி வேறு, புருவம் வெளுக்கிற அளவுக்கு. மூக்கில் போனது தொண்டையில் இறங்காதா? உன் அப்பா நோட்டைத் திருப்பி வாங்கி, கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதப் பேனாவைத் திறந்தார், பிறகு எழுதாமல் மூடிவிட்டார். மாடிப்படியில் தின்ற இரண்டு வருடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்த மறுவாரமே கோதுமை மெஷினைக் கழற்றிச் சர்க்கரையிடம் கொடுத்துவிட்டேன். பலகையில் கோதுமை என்ற எழுத்தின்மேல் வெள்ளை அடித்தாயிற்று, மில்லை மூன்று தடவை கழுவிவிட்டாயிற்று. இப்போது என் மில்லில் அரிசி, சோளம், மிளகாய் மூன்றும்தான். கோதுமை டப்பாவோடு வருகிறவர்களிடம் எதிரே போங்க என்று கை காட்டும்போது நாக்கு கசக்கத்தான் செய்கிறது. அவர் மாவு இன்னமும் கரகரதான். இருந்தாலும் மாலையில் கடையை மூடும்போது, உடம்பு எப்படிம்மா இருக்கு என்று எதிரிலிருந்தே கேட்கிறார், நானும் இருக்கு என்கிறேன், அதற்கு மேல் அவருக்குக் கிடையாது. மூன்று மாதமாகிறது. ரத்தம் ஏறிய பிறகு அரை மாத்திரையில் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கிறார்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக முழங்காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை, முதுகில் மட்டும் மூன்று. முழுசாக ஆற ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகுமாம். ஆகட்டும், அவசரப்பட்டு நான் சாதித்ததுதான் தெரிந்ததே.

இனி உன் விஷயம். ஞாயிற்றுக்கிழமை நான் முழங்கையைக் காட்டு, காட்டு என்று நச்சரித்தபோது எரிச்சலில் நீ என்ன சொன்னாய்? விடும்மா, அது மூணு நாள்ல அடங்கிடும், எனக்குத் தெரியும் என்றாய். நுணலும் தன் வாயால் கெடும். காற்று வறட்சிக்கு மூன்று நாள் கணக்கு கிடையாது. களிம்புக்கும் கிடையாது. கொப்புளம் மூன்று நாளில் அடங்கும் என்று, அதுவும் எனக்குத் தெரியும் என்று அடித்துச் சொல்கிறவள், அந்த மாத்திரையை விழுங்கிப் பார்த்தவளாகத்தான் இருக்க வேண்டும். நீ போன அன்று சாயங்காலம் என் மருந்து டப்பாவில் ஒரு அட்டை குறைந்தது, பத்து மாத்திரை. அந்த வாரம் கசாயமும் வந்து தங்கியிருந்தார் அல்லவா, இந்த இங்கிலீஷ் மருந்தையெல்லாம் சாக்கடையில போடணும் அண்ணி என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கதான் எடுத்துச் சாக்கடையில போட்டீங்க என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் கேட்க, மில் வாசலில் வைத்தே திருடன் என்றேன். அன்றைக்குப் போனவர் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட வாசலோடு நின்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். உலகத்தில் இருக்கிற எல்லாக் குற்றத்தையும் அவர்மேல் போடலாம், இந்த ஒன்றைத் தவிர. நேற்று அவர் வீட்டு வாசலில் போய் நின்று, தப்பு என்மேலதான் என்று சொன்னேன். யாரு எடுத்தது அண்ணி என்றார், சொல்லவில்லை. பரவால்ல விடுங்க, அந்த ரத்தக் குறைவுக்கு ஒண்ணு காய்ச்சித் தர்றேன் என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்துவிட்டேன்.

உன் உத்தியோகம் என்ன? அடுத்தவர் கட்டடத்துக்குள் போய், தீ அணைக்கிற கருவிக்குத் தேதி போயிருக்கிறதா, அவசர வழியில் பெட்டி அடுக்கியிருக்கிறார்களா என்று பார்த்து நோட்டீஸ் கொடுக்கிறவள். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கு இல்லையடி. ஒரு சோதனையும் இல்லாமல், எவருக்கோ எழுதின மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போய், அரிக்கும்போதெல்லாம் ஒன்று விழுங்கிவிட்டு ரொட்டி தின்கிறவளுக்கு என்ன நோட்டீஸ் கொடுப்பாய்? கேட்பதற்கு எனக்கு யோக்கியதை உண்டா என்றால் இல்லை. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. இதுதான் என் சோறு என்று சிரித்துச் சிரித்துக் காட்டிக்கொடுத்தவள் நான், நீ நன்றாகப் பார்த்துப் படித்துக்கொண்டாய். அந்த மாத்திரையை இந்த வரியோடு நிறுத்து. இதோடு வெடுக் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் இருக்கிறது, நோயின் பெயர் என் வாயில் நுழையாது, அதில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் டாக்டரிடம் போ. என் அம்மாவுக்கு இருக்கிறது, குடும்பத்தில் வரும் என்று சொல். மாத்திரை தின்றதை மறைக்காதே, அதையும் சொல். இன்னொன்று, நீயாக அவசரப்பட்டு இப்போதே கோதுமையை விட்டுவிடாதே, அதைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் ரத்தச் சோதனையில் சரியாகத் தெரியுமாம். தோலைக் கொப்புளத்தில் வெட்ட வந்தால் கையைத் தட்டிவிடு, பக்கத்தில் எடுக்கச் சொல். முடிவு வந்த பிறகு அவர்கள் விடச் சொன்னால் அன்றே விடு. ஒரு வாய் சாப்பிட்டால் என்ன என்று கேட்கிற சிநேகிதிகள் அங்கேயும் இருப்பார்கள், அவர்களிடம் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, உதடு கறுக்கிறதா என்று கண்ணாடியில் பார். அப்படி இருந்தால் வாரக்கடைசி வரைக்கும் காத்திருக்காதே, இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மேல்வீட்டுத் தண்ணீர்க் குழாய் இன்னும் ஒழுகுகிறது, வீட்டுக்காரர் இன்னும் நாளைக்கு என்கிறார். அப்பா உனக்காக இப்போதே ஒரு புது நோட்டு வாங்கி, அட்டையில் உன் பெயர் எழுதி வைத்திருக்கிறார். ரிட்டயர் ஆன மனிதருக்கு வேலை இல்லாவிட்டால் இப்படித்தான். நேற்று அவருக்கு ரொட்டி வாங்கிவந்து மேஜையில் வைத்து, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள், தூள் இந்தப் பக்கம் வரக்கூடாது, அவ்வளவுதான் என்றேன். பழக்கதோஷத்தில் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார். நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன்.

நல்லா இரு. நீண்ட நாள் இரு. தோலில் தழும்பு இல்லாமல், நெஞ்சில் பொய் இல்லாமல் இரு; அதற்கு மேல் ஆசி சொல்ல எனக்குத் தெரியாது. இப்போது கேள்வி. அந்த அட்டையில் பத்து இருந்தது. அதில் எத்தனை மிச்சம்? வேறு கடையில் வாங்கிச் சேர்த்திருந்தால் அதையும் கூட்டு. விளக்கம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், ஒரு காகிதத்தில் அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்பு. போனில் சொன்னால் குறைத்துச் சொல்வாய், எழுதும்போது கை தடுக்கும், எனக்குத் தெரியும். என் எண்ணை நான் முதலில் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் அப்பா கேட்டபோதும் நாளைக்கு இரண்டு மாத்திரை போட்டேன் என்றேன். இரண்டு இல்லை, நான்கு. நான்கு தெரு தள்ளி ஒரு சீட்டு, விட்டுவிட்டேன் என்று சொன்ன முனைக்கடைக்கே திரும்பப் போய் அதே சீட்டு. இதுவரை யாருக்கும் தெரியாது. வரும் புதன்கிழமை டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்து, உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

இப்படிக்கு,
நாளைக்கு நான்கு மாத்திரை தின்ற உன் அம்மா